புதிய கார் கம்பெனியின் டிவி விளம்பரம்: சேனல் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவிக்குப் பட்ஜெட் ஒதுக்கியதும் புதிய கார் நிறுவனங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்: எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளவிடும் பார்க் (BARC) அமைப்பு வியாழக்கிழமை வெளியிடும் ரேட்டிங் பட்டியலை எடுத்து, மேலே இருக்கும் இரண்டு சேனல்களை டிக் அடித்துவிடுகிறார்கள். சோப்பும் டீத்தூளும் விற்பவருக்கு அது சரிவரும். அந்தச் சரக்கு எல்லா ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். உங்கள் காரை ஓட்டிப் பார்க்கத் தமிழ்நாட்டில் ஆறு ஊர்களில்தான் ஷோரூம் என்றால் கணக்கே வேறு.

ஷோரூம் இல்லாத ஊருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது

சன் டிவி, விஜய், ஜீ தமிழ் போன்ற சேட்டிலைட் சேனலில் ஒரு ஸ்பாட் (ஒருமுறை ஓடும் விளம்பரம்) போட்டால் பொதுவாக மாநிலம் முழுக்க ஓடும். ஷோரூம் சென்னையிலும் கோவையிலும் மட்டும் இருந்தாலும், ராமநாதபுரத்தில் பார்ப்பவருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். அவர் ஆசைப்பட்டு போன் செய்தால் இன்னும் சிக்கல். “உங்க ஊர்ல இப்போதைக்கு இல்லைங்க சார்” என்ற பதிலோடு போனவர், அடுத்த வருடம் அங்கே ஷோரூம் திறந்தாலும் எளிதில் திரும்ப மாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், யாருடைய ரேட்டும் அல்ல. டிவி ரேட் வழக்கமாக 10 விநாடிக்குச் சொல்லப்படும். பொழுதுபோக்கு சேனல் ஒன்றில் 10 விநாடி 20,000 ரூபாய், அந்த நேரத்து ரேட்டிங் 2 (அதாவது, கணக்கில் எடுத்த பார்வையாளர்களில் 2 சதவீதம்) என்றால், ஒரு ரேட்டிங் புள்ளிக்குச் செலவு 10,000. செய்தி சேனல் ஒன்றில் 10 விநாடி 3,000, ரேட்டிங் 0.4 என்றால் புள்ளிக்கு 7,500. இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. முதல் சேனலின் பார்வையாளர்களில் 40 சதவீதமும், இரண்டாவதில் 60 சதவீதமும்தான் உங்கள் ஷோரூம் ஊர்களில் இருக்கிறார்கள் என்று வைத்தால், அந்த ஊர்களை மட்டும் கணக்கிட்டால் புள்ளிக்கு உண்மையான செலவு முறையே 25,000, 12,500. இரண்டு மடங்கு! விளம்பர ஏஜென்சி கொடுக்கும் எக்செல் ஷீட்டில் இந்தக் கடைசி நெடுவரிசை பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்று கவனிக்க: பார்க் அளவிடுவது சாம்பிள் வீடுகளில் பொருத்திய மீட்டரை வைத்து. 0.4 மாதிரி சின்ன ரேட்டிங் ஒரு வாரத்தில் எக்குத்தப்பாக ஏறி இறங்கும். செய்தி சேனல்களுக்கு 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்ட ரேட்டிங், 2022 மார்ச்சில் மறுபடி வந்தபோது நான்கு வார சராசரியாகத்தான் வந்தது. ஒரே வாரத்து எண்ணை நீட்டி யாராவது பேரம் பேசினால், எட்டு வாரக் கணக்கைக் கேளுங்கள்.

ஷோரூம் இரண்டே இரண்டு என்றால் சேட்டிலைட் சேனலே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தந்த ஊர் கேபிள் ஆபரேட்டரின் லோக்கல் சேனலும், இணையம் வழி ஓடும் ஸ்மார்ட் டிவியில் ஊர் பார்த்துக் கொடுக்கும் விளம்பரமும் போதும்.

“என்சிசிஎஸ் ஏ” என்றால் பணக்காரர் என்று நினைப்பது

மீடியா பிளானில் “ஆண்கள், 22 வயதுக்கு மேல், என்சிசிஎஸ் ஏ” என்று எழுதியிருக்கும். என்சிசிஎஸ் (NCCS) என்பது விளம்பரத் துறை வீடுகளை ஏ, பி, சி என்று பிரிக்கும் வகைப்பாடு. அது இரண்டை மட்டும் பார்க்கிறது: வீட்டில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, 11 பொருள்களில் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்பது. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர் எல்லாம் அந்த 11-க்குள் வரும். வருமானத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் பட்டதாரி வீட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் லேப்டாப்பும் இருந்தால் ஏ வகைக்குள் வந்துவிடும். அந்த வீட்டால் 15 லட்சம் ரூபாய் கார் வாங்க முடியுமா என்பது வேறு விஷயம். ஏ1, ஏ2, ஏ3 எனப் பிரித்து, ஏ1-க்குத் தனிக் கணக்குக் கேளுங்கள். சேனலுக்கு எச்டி ஒளிபரப்பு இருந்தால், உங்கள் ஸ்பாட் அதிலும் ஓடுமா, எஸ்டியில் மட்டுமா என்றும் கேளுங்கள். கார் வாங்கக்கூடிய வீடுகள் எச்டி பக்கம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு.

“ஆண்கள்” என்று மட்டும் போடுவதும் சறுக்கல்தான். லோன் கையெழுத்து ஒருவருடையதாக இருக்கலாம். சீட் உயரம், டிக்கி அளவு, கலர் எல்லாம் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் முடிவாகும். அதற்காக இரவு சீரியல் நேரத்தை முழுவதுமாக வாங்க வேண்டியதில்லை. ஞாயிறு படத்தில் சில ஸ்பாட்டுகள் போதும்.

பேக்கேஜ் வலை

பெரிய நெட்வொர்க்குகள் முன்னணி சேனலோடு மியூசிக், காமெடி, குழந்தைகள் சேனல்களையும் சேர்த்து “300 ஸ்பாட், பாதி விலை” என்பார்கள். அட்டவணையைப் பிரித்தால், பிரைம் டைமில் 20 ஸ்பாட், மீதியெல்லாம் நள்ளிரவும் விடியற்காலையும் என்றிருக்கும். ஆர்ஓஎஸ் (ரன் ஆஃப் ஷெட்யூல்) என்று எழுதினால், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள நீங்களே சம்மதித்ததாக அர்த்தம். ஸ்பாட் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். நேரம் வாரியாக ரேட்டிங் புள்ளியைக் கூட்டிப் பாருங்கள்.

பத்து சேனலில் தூவுவதும் இதே ரகம். பெயரே கேள்விப்படாத காரை ஒருவர் ஒருமுறை பார்த்தால் மனதில் நிற்காது. மூன்று முறைக்கு மேல் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மூன்று சேனல், நான்கு வாரம், அடர்த்தியாகப் போடுவது நல்லது.

செய்தி சேனலில் மறப்பவை

மின்சார கார் விளம்பரம், வண்டி தீப்பிடித்த செய்திக்கு அடுத்து வந்தால் கொடுத்த காசுக்கு எதிர்விளைவுதான். சாலை விபத்து, வாகனத் தீ பற்றிய செய்தி ஓடும்போது ஸ்பாட்டை நிறுத்தி வேறு நேரத்தில் ஈடு தர வேண்டும் என்று ரிலீஸ் ஆர்டரிலேயே (விளம்பரம் போடச் சொல்லி சேனலுக்குக் கொடுக்கும் எழுத்துப்பூர்வ ஆர்டர்) எழுதுங்கள். பிரேக்கிங் நியூஸ் வந்தால் இடைவேளையே தள்ளிப்போகும். தவறிய ஸ்பாட்டுக்கு அதே மதிப்புள்ள நேரம் என்ற வரியும் வேண்டும். ஒரே இடைவேளையில் போட்டி கார் வரக்கூடாது என்பதையும் அங்கேயே சேர்க்கலாம். வாய்வார்த்தை நிற்காது.

காலண்டர்

ஆடியில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். அதே மாதம் துணிக்கடை, நகைக்கடைத் தள்ளுபடி விளம்பரங்கள் இடைவேளையை அடைத்திருக்கும். சட்டப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம்தான் விளம்பரம். அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. நெரிசலில் ரேட்டும் கூடும். ஆவணி தொடங்கி ஆயுத பூஜைக்கு டெலிவரி என்று திட்டமிடுங்கள். டிசம்பரும் மந்தம்தான்: மார்கழி ஒரு காரணம், ஜனவரியில் எடுத்தால் புது வருடப் பதிவு கிடைக்குமே என்ற கணக்கு இன்னொன்று. பொங்கலுக்கு முந்தைய பத்து நாள் அதனால் முக்கியம்.

பணமும் கணக்கும்

ரேட்டுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. புதிய விளம்பரதாரரிடம் முன்பணம் கேட்பார்கள்; அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகப் போனால் கடன் தவணை கிடைக்க வாய்ப்புண்டு. விளம்பரம் எப்போதெல்லாம் ஓடியது என்று காட்டும் டெலிகாஸ்ட் சர்டிபிகேட்டை சேனலே தருகிறது என்பதால், வெளி நிறுவனத்தின் கண்காணிப்பு அறிக்கையோடு ஒப்பிடாமல் பில்லை பாஸ் செய்யாதீர்கள்.

சேனலுக்கு ஒரு போன் நம்பர் என்று பிரித்துக் கொடுங்கள். அதோடு, ஸ்பாட் ஓடிய நிமிடத்தையும் அடுத்த பத்து நிமிடத்தில் வெப்சைட்டுக்கு வந்தவர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசாரிப்பவரின் பின்கோடையும் கட்டாயம் வாங்குங்கள். எந்த சேனல் ஷோரூம் ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவருகிறது, எது வெறும் போன் மணியை மட்டும் அடிக்க வைக்கிறது என்பது இரண்டாவது வாரத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். மூன்றாவது வாரத்துக்கான ஆர்டரை அதற்குப் பிறகு கொடுக்கும்படி, முதலிலேயே இரண்டு வாரத் தவணையாக ஒப்பந்தம் போடுங்கள்.