தாய்லாந்து நில எல்லையில் கூடுதல் தங்கலுக்கான அபராதம்: என் அனுபவம்

2025 ஜனவரி 5ஆம் தேதி 60 நாள் விசா விலக்கில் தாய்லாந்துக்குள் சென்ற நான், மறுநாளிலிருந்து எண்ணி மார்ச் 6 வரை தங்கலாம் என்று நம்பியிருந்தேன். உள்ளே நுழையும் நாளே முதல் நாள் என்பதால் கடவுச்சீட்டு முத்திரையில் மார்ச் 5 என்றே இருந்தது. அதை 6ஆம் தேதி இரவு உடோன் தானி விடுதியில்தான் கவனித்தேன்.

மறுநாள் ஒரு பயண முகவர் அபராதத்துடன் பெருந்தொகையைச் சேவைக் கட்டணமாகக் கேட்டார். சனிக்கிழமை குடிவரவு அலுவலகம் பூட்டியிருந்தது. அபராதமோ நாளொன்றுக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்) ஏறிக்கொண்டிருந்தது (உச்சவரம்பு 20,000 பாட்).

ஞாயிறன்று நேராக லாவோஸ் எல்லையிலுள்ள நோங் காய் நட்புப் பாலத்துக்கே சென்றேன். முத்திரையைப் பார்த்த அதிகாரி என்னை வரிசையிலிருந்து விலக்கிப் பக்கத்து மேசைக்கு அனுப்பினார். படிவத்தில் கையெழுத்திட்டு, வெளியேறும் நாளையும் சேர்த்து நான்கு நாள்களுக்கு 2,000 பாட் செலுத்தியதும் ரசீது கிடைத்தது. கடவுச்சீட்டிலும் குறிப்பு இட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மனம் லேசானது.

அங்கே அட்டையையோ டாலரையோ வாங்கவில்லை. முன்தினமே பாட் நோட்டுகளாக எடுத்து வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. எல்லைக்கு வருமுன் காவல்துறையிடம் பிடிபட்டிருந்தால், நான்கே நாள் என்றாலும் ஐந்தாண்டு நுழைவுத் தடை வந்திருக்கும்.