ஆர்மடில்லோவின் ரெபரன்ஸ் ஜீனோம்: ஆரம்பப் பாடம்

ஆர்மடில்லோ உடம்பில் கவசம் உள்ள ஒரு பாலூட்டி, நம்ம ஊர் விலங்கு இல்லை. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் மேற்குமலைக் காட்டு எறும்புத்தின்னிக்கு இது உறவு என்று குமரி மாவட்டப் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் உடம்பில் கவசம் இருப்பதால் வரும் குழப்பம்தான். ஆர்மடில்லோ எறும்புத்தின்னி வகையறா அல்ல, மரத்தில் மெதுவாக நகரும் ஸ்லாத் என்ற அமெரிக்க விலங்கின் கூட்டம்.

ஓர் இனத்தின் மொத்த டிஎன்ஏவையும் எழுத்து எழுத்தாக வாசித்து, மற்ற ஆய்வுகள் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பிரதிதான் ரெபரன்ஸ் ஜீனோம். ஆர்மடில்லோவுக்கு அது எதற்கு? தொழுநோய்க் கிருமியை இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. ஒன்பது பட்டை ஆர்மடில்லோவின் உடல்வெப்பம் 33 முதல் 35 டிகிரி. அதில் கிருமி நன்றாகப் பெருகும் என்பது 1971இல் தெரிந்தது. அதனால்தான் தொழுநோய் ஆய்வுக்கு இந்த விலங்கு வேண்டியிருக்கிறது.

படி 1: எந்த விலங்கு?

ஆண் விலங்காக இருக்கட்டும். எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோமும் ஒரே உடலில் கிடைக்கும். பிடித்த இடத்தையும் குறித்து வையுங்கள். ஒன்பது பட்டை ஆர்மடில்லோ ஒரே இனம் என்றிருந்தார்கள். 2024இல் அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள். இடம் குறிக்காத மாதிரி எந்த இனத்துடையது என்று பிறகு யார் சொல்வது?

படி 2: மாதிரி

முக்கால்வாசி வேலை இங்கேதான். சின்னமுட்டம் துறைமுகத்தில் ஐஸில் வைத்த மீன் சாயங்காலம் குழம்புக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்குள் அதன் டிஎன்ஏ துண்டுபடத் தொடங்கியிருக்கும். நமக்கு வேண்டியது நீளமான இழை. எனவே திசுவை எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்துக் குச்சிகளை எடுப்பார்களே, அந்தக் குடுவையில் புகையும் அதே திரவம்தான். அப்புறம் மைனஸ் 80 டிகிரி பெட்டி. இடையில் உருகவிட்டு மறுபடி உறைய வைத்தால் இழை அறுந்துவிடும்.

கையுறை கட்டாயம், காட்டு ஆர்மடில்லோ தொழுநோய்க் கிருமியைச் சுமக்கலாம். செய்து பழகலாம் என்று எறும்புத்தின்னி பக்கம் போகாதீர்கள். வண்டியில் அடிபட்டுக் கிடந்தாலும் சரி, 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பழகுவதற்குக் கடையில் வாங்கிய மீன் போதும்.

படி 3: டிஎன்ஏ பிரித்தல்

குலுக்கவே கூடாது. குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிப்பெட் (திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி) நுனி அகலமாக இருக்கட்டும். நல்ல டிஎன்ஏ வெண்டைக்காய்ப் பசை மாதிரி இழுபடும். தண்ணீராகச் சொட்டினால் சந்தேகப்படுங்கள்.

படி 4: வாசித்தல்

பாலூட்டி ஜீனோமில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். அதில் ஒரு வகை மட்டும் சுமார் 6,000 எழுத்து (டிஎன்ஏவின் A, T, G, C) நீளம். 150 எழுத்து வாசிக்கும் இயந்திரம் அதற்குள் வழி தெரியாமல் நிற்கும். பேக்பயோ நிறுவனத்தின் ஹைஃபை என்ற நீள வாசிப்பு முறை ஒரே மூச்சில் 15,000க்கு மேல் வாசிப்பதால் தொடரின் இரு கரையும் தெரியும். ஆர்மடில்லோ ஜீனோம் சுமார் 360 கோடி எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் 30 தடவையாவது வாசிக்க வேண்டும். கூடவே ஹை-சி: உட்கருவுக்குள் எந்தத் துண்டு எதன் பக்கத்தில் இருந்தது என்று சொல்லும் தரவு.

படி 5: கோர்த்தல்

ஹைஃபையாஸ்ம் என்ற மென்பொருள் வாசித்த துண்டுகளைக் கோர்க்கும். யாஸ் என்ற இன்னொரு மென்பொருள், ஹை-சியை வைத்து அவற்றைக் குரோமோசோம் வரிசைக்குக் கொண்டுவரும். மொத்தம் 64 குரோமோசோம், அதாவது 32 ஜோடி. கடைசியில் மனிதக் கண்ணால் ஹை-சி வரைபடத்தைப் பார்த்து இடம் மாறியவற்றைத் திருத்துவார்கள். மென்பொருள் எவ்வளவு வளர்ந்தும் இந்த வேலை போகவில்லை.

படி 6: சரிபார்த்தல்

பஸ்கோ என்ற மென்பொருள், பாலூட்டிகளுக்குப் பொதுவான ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கோர்த்ததில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்கும். எழுத்துப்பிழை பத்தாயிரத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது.

இவ்வளவு பெரிய ஜீனோமை 8 ஜிபி லேப்டாப்பில் கோர்க்க முடியாது. கேலக்ஸி என்ற இலவசத் தளத்தில் இதே படிகளுக்கு ஈஸ்ட் தரவுடன் பயிற்சி இருக்கிறது. ஈஸ்டுக்கு 16 குரோமோசோம்தான். வேலை அவர்களுடைய சர்வரில் ஓடுவதால் நாகர்கோவிலில் மழைக்குக் கரண்ட் போனாலும் கவலை இல்லை. வந்ததும் உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.