தஞ்சாவூரை நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் போதும்

தஞ்சாவூர்ப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நண்பகல் வெயில்தான். திருச்சியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி, பதினொன்றரை மணிக்குப் பெரிய கோயில் வாசலில் இறங்குவார்கள். செருப்பைக் கழற்றியதும் தரை காலைச் சுடும். நார் விரிப்பு போட்ட பாதையை விட்டு நகர முடியாது. பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிட்டால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பு. அரக்கப்பரக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று வண்டி ஏறுவார்கள்.

இதற்கு வழி எளிது. கோயிலைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். நடுவெயில் நேரத்தை அரண்மனைக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். இடங்களைக் குறைத்தால்தான் இந்த ஊர் பிடிபடும். நவக்கிரகத் தலங்களையும் இதோடு சேர்த்து ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால், பார்ப்பதெல்லாம் கார் இருக்கையும் அர்ச்சனைத் தட்டும்தான்.

தை, மாசி மாதங்கள் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா மழை பிடித்தால் விடாது. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே தரை காயும். தேதியை முடிவு செய்யுமுன் நாட்காட்டியில் பிரதோஷத்தைப் பாருங்கள். அன்று மாலை நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். அதைப் பார்க்கவே வருகிறவர்களுக்குச் சரி, சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த மாலை போயிற்று. கோயிலைக் கட்டிய இராசராச சோழனின் பிறந்த நாளான ஐப்பசி சதயம், மாட்டுப் பொங்கல் நாட்களும் அப்படித்தான். தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாற்றுக்குப் போகிறவர்கள் தஞ்சையிலும் தங்குவதால் அறை கிடைப்பது கடினம்.

ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடையே, காந்திஜி சாலைப் பக்கம் அறை எடுங்கள். அங்கிருந்து பெரிய கோயிலுக்கு நடந்தே போகலாம். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கொடுத்தே தீர்ந்துவிடும்.

முதல் நாள் காலை ஆறரைக்குள் கோயிலில் இருங்கள். மராட்டா வாயில், கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் என்று மூன்றையும் கடந்துதான் நந்தி. எல்லோரும் கருவறைமேல் எழும் கோபுரமான விமானத்தைப் பார்த்தபடியே வேகமாக நடப்பதால் இராசராசன் வாயிலின் அடிப்பகுதியைத் தவறவிடுகிறார்கள். பெரிய துவாரபாலகர்களுக்குக் கீழே மார்க்கண்டேயர் கதை, அர்ச்சுனன் தவம் எல்லாம் சிறு சிறு சிற்பங்களாக இருக்கின்றன. ஒரே கல்லில் செதுக்கிய நந்தி சோழர் காலத்ததல்ல, நாயக்கர் காலத்தது.

கோயில் கிழக்கு பார்த்தது. அதனால் விமானத்தின் முகப்பைப் படம் எடுக்கக் காலைதான் நேரம். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் எதிரே நின்று படத்தைக் கருப்பாக்கிவிடும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளையும் சாய்ந்த வெயிலில்தான் படிக்க முடியும். உச்சி வெயில் எழுத்தின் பள்ளத்தை அழித்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, நடுவே கிரந்த எழுத்து கலந்து வரும். முழு வரியைப் படிக்க முயலாமல் முதலில் "ஸ்ரீராஜராஜ" என்பதைத் தேடுங்கள். அது அகப்பட்டால் பக்கத்துச் சொற்களும் மெல்ல மெல்ல வந்துவிடும். மன்னர் இராசராசன் கொடுத்தது, அவர் அக்கன் குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது என்று கணக்கு வைத்த கோயில் இது. கருவறையைச் சுற்றியுள்ள உள் பாதையின் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். காலை எட்டு மணிக்குப் பின்பக்கம் போனால் தரையில் நீளமாகக் கிடக்கும் நிழலிலேயே நிற்கலாம். உச்சிப்பொழுதில் மட்டும் அது பெரும்பாலும் கட்டடத்தின் மேலேயே விழும். கதை பிறந்தது அதில்தான் போலும்.

ஒன்பது மணிக்கு வெளியே வந்து டிபன் சாப்பிடுங்கள். எந்த ஓட்டலிலாவது இட்லிக்குக் கடப்பா (உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு சேர்த்த குழம்பு) இருந்தால் சாம்பாரை மறந்துவிடுங்கள். பிறகு அரண்மனை. கலைக்கூடம், தர்பார் மண்டபம் என்று தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டுக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையோடு நிற்கும் சிவன்), பெரிய கோயில் முடிந்த 1010-ஐ ஒட்டிய காலத்தவர். அவர் சாய்ந்து கைவைத்திருக்கும் காளை இப்போது இல்லை, ஆனால் அந்தக் கை அது இருப்பதாகவே நிற்கிறது. பின்பக்கமும் போய்ப் பாருங்கள். சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம் சிறியது, அரை மணி போதும்.

மதியம் தூங்குங்கள். ஐந்து மணிக்கு மீண்டும் கோயில். இந்த முறை எதையும் தேட வேண்டாம். மேற்கிலும் தெற்கிலும் விழும் மஞ்சள் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

இரண்டாம் நாள் காலை தாராசுரம். கும்பகோணம் பேருந்தில் ஏறுமுன் தாராசுரத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புறவழிச்சாலையில் போகும் வண்டி கும்பகோணத்தில்தான் இறக்கிவிடும். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் பிரம்மாண்டம் தேடாதீர்கள். கருவறைச் சுவரின் அடியில் அறுபத்துமூவர் கதைகள் கையகலச் சிற்பங்களாக இருக்கின்றன. குனிந்தோ உட்கார்ந்தோதான் பார்க்க வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் கோயில் முன்பக்கம் தண்ணீர் தேங்கும். கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் சேர்க்க ஆசை வரும். கும்பகோணத்திலிருந்து மேலும் 35 கிலோமீட்டர் போக வேண்டும், சொந்த வண்டி இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தலையாட்டி பொம்மையைக் கடைசி நாளில் வாங்குங்கள். நடனப் பெண் பொம்மை தனித்தனிப் பாகங்களாகக் கழன்று வரும். கழற்றி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வையுங்கள். முழுதாக வைத்தால் கழுத்துக் கம்பி வளைந்து ஆட்டம் நின்றுபோகும்.