கண்மாயில் தூண்டில் போடப் பழகுவோம்: தக்கைக்கு ஆழம் பார்ப்பது எப்படி?

மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்து கிடக்கும் தை, மாசிதான் தூண்டில் பழக நல்ல காலம். கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா வந்து, ஊரே ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) இறங்கிவிட்டால் தூண்டிலுக்கு வேலை இல்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். குடிதண்ணீர் ஊருணியில் போடவே வேண்டாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் பறவைகள் சரணாலயம்; அங்கேயும் கூடாது.

ரீல் வைத்த கம்பு ஆரம்பத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்தடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு 0.25 மி.மீ. நரம்பு (தூண்டில் இழை), சின்னத் தூண்டில் முள், கொஞ்சம் ஈயம் போதும். முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண் கூடக் கூட முள் சிறிதாகும். ஜிலேபி மீனுக்கும் (திலாப்பியா) கெண்டைக்கும் 8 அல்லது 10 சரியாக இருக்கும்.

மிதந்து நின்று மீன் கடிப்பதைக் காட்டும் தக்கைக்கு மயில் உதிர்த்த இறகின் தண்டை விட நல்லது எதுவும் இல்லை. நம் பக்கம் தோப்புகளில் கிடக்கும். அடித்தண்டில் ஒரு சாண் நறுக்கி, சைக்கிள் வால்டியூபில் வெட்டிய இரண்டு வளையத்தால் நரம்போடு சேர்த்துப் பிடித்துவிட்டால் மேலும் கீழும் நகர்த்தலாம். தெர்மாகோல் உடைந்து கண்மாயில் மிதக்கும், தவிர்த்துவிடுங்கள். நுனி இரண்டு விரற்கடை மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஈயம் சேருங்கள்.

அடுத்தது ஆழம் பார்ப்பது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கண்மாய்த் தரை சமமாக இருக்காது. வண்டல் அள்ளிய பள்ளம் இருந்தால் இரண்டடி நகர்ந்தாலே இடுப்பளவு தண்ணீர் ஆளுயரமாகிவிடும். அதனால் இரை கோக்கும் முன், முள்ளில் ஒரு இரும்பு நட்டை மாட்டி, போடப்போகும் இடத்தில் நேராக இறக்குங்கள். தக்கை முழுகிப்போனால் ஆழம் அதிகம். தக்கையைக் கம்பின் பக்கம் ஏற்றுங்கள். படுத்துக்கொண்டால் நரம்பு தரையில் தொய்ந்து கிடக்கிறது. முள்ளின் பக்கம் இறக்குங்கள். நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நின்றால் அதுதான் தரை. நட்டைக் கழற்றிவிட்டு, கெளுத்திக்கு அப்படியே விடலாம். ஜிலேபிக்குத் தக்கையை நாலு விரற்கடை இறக்கிவிடுங்கள், மண்புழு தரையைத் தொடாமல் தொங்கும். இடம் மாறினால் மறுபடி நட்டு போட்டுப் பார்க்க வேண்டும், சோம்பல் படக்கூடாது.

விடிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் மீன் கரையோரம் வரும். ஜிலேபி முதலில் கொத்திப் பார்க்கும், தக்கை ஆடும். அப்போது இழுக்காதீர்கள். தக்கை பக்கவாட்டில் நகர்ந்தாலோ அமிழ்ந்தாலோ மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். கெண்டை தரையில் கிடக்கும் மாவுருண்டையை வாயில் எடுத்துத் தூக்கும். அப்போது தக்கை மேலே எழும்பிப் படுக்கும். அதுவும் கடிதான்.

செவ்வட்டமாகக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், அடியில் விரால் காவல் நிற்கிறது. அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். விராலை அப்போது எடுத்தால் குஞ்சுகளுக்குக் காவல் போய்விடும்.

பின்னர் சேர்த்தது: முள் அருகிலேயே நரம்பு அறுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். முடிச்சை உலர்வாக இறுக்கியதுதான் காரணமாக இருக்கும். நரம்பை முள் காதில் நுழைத்து, ஐந்து சுற்று முறுக்கி, நுனியைக் காதருகே உள்ள கண்ணியில் விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். கருவேலங்கிளையில் மாட்டினால் கம்பால் இழுக்காதீர்கள். நரம்பை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுங்கள்.

தேளி மீன் பற்றியும் கேட்டிருந்தார்கள். அதன் பக்கத் துடுப்பு முள் குத்தினால் கடுத்து வலிக்கும். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தூண்டில் முள்ளைக் கழற்ற விரலைக் கொடுக்காமல், துணியால் தலையைப் பிடித்துக் குறடால் எடுங்கள்.