பின்தங்கிய வேட்பாளர் களத்தில் நீடிப்பதா, விலகுவதா: முடிவெடுக்கும் முறை

அமெரிக்க அதிபர் பதவிக்கான உட்கட்சிப் போட்டியில், மார்ச் மாதம் பாதியைக் கடந்ததும் யாரோ ஒரு வேட்பாளரைச் சுற்றி 'இவர் இன்னும் ஏன் நிற்கிறார்?' என்ற கேள்வி எழுவது வழக்கம். தொலைக்காட்சி விவாதங்களில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் விடை சொல்பவரின் விருப்பத்தையே காட்டுகின்றன. முன்னிலையில் இருப்பவரை விரும்புகிறவர் கட்சி ஒற்றுமையைப் பேசுகிறார். பின்தங்கியவரை விரும்புகிறவர் கடைசி வாக்கு வரை போராட வேண்டும் என்கிறார். அந்த வேட்பாளருக்காகப் பணமும் விடுமுறை நாட்களும் கொடுத்து, வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்ட ஒரு தொண்டர், தன் விருப்பத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து இந்த முடிவை எப்படி எடைபோடலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற தமிழர் பலர் இந்தத் தேர்தல்களில் வாக்காளர்களாக இருப்பதால், இது நமக்கும் தொலைவான விஷயமாக இல்லை.

முதல் வேலை கணக்குப் போடுவது. வென்ற மாநிலங்களின் எண்ணிக்கையையும் கருத்துக்கணிப்புகளையும் மூடிவைத்துவிட்டு, மாநிலவாரியாகத் தேர்வாகி, கட்சியின் தேசிய மாநாட்டில் வாக்களித்து அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப்போகும் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். களத்தில் இருவர் மட்டுமே இருக்க, உங்கள் வேட்பாளர் 150 பிரதிநிதிகள் பின்தங்கியிருக்கிறார், இன்னும் 500 பேர் தேர்வாக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமநிலையை எட்டுவதற்கே அந்த 500-இல் 325 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், அவர் பக்கம் வர வேண்டும். இதுவரை எந்த ஒரு பெரிய மாநிலத்திலாவது அவர் 65 விழுக்காட்டைத் தொட்டிருக்கிறாரா என்று அடுத்துக் கேளுங்கள். இல்லையென்றால், இனி அது நடக்க என்ன காரணம் இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதற்கு 2008-இல் பராக் ஒபாமாவுக்கும் ஹிலரி கிளின்டனுக்கும் நடந்த போட்டியைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஜனநாயகக் கட்சி, 15 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றவர்களுக்குப் பிரதிநிதிகளை விகிதாசாரப்படி பங்கிடுகிறது. ஆகவே அங்கே ஒருமுறை முந்திவிட்டவரை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். ஏப்ரல் 22 அன்று பென்சில்வேனியாவில் கிளின்டன் சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பெரிய வெற்றிதான். ஆனால் அங்கிருந்த 158 பிரதிநிதிகள் 85, 73 என்று பிரிந்ததால், பல வார உழைப்புக்குப் பிறகு அவர் குறைக்க முடிந்த இடைவெளி 12 மட்டுமே. இரண்டு வாரம் கழித்து, மே 6 அன்று, வட கரோலினாவில் ஒபாமா 67-க்கு 48 என்று வென்றார். இந்தியானாவில் கிளின்டனுக்கு 38, ஒபாமாவுக்கு 34. ஒரே இரவில் ஒபாமா 15 பேரைக் கூடுதலாகப் பெற, பென்சில்வேனியாவின் பலன் முழுவதும் கரைந்துபோனது. அடுத்த வாரம் மேற்கு வர்ஜீனியாவில் கிளின்டன் 40 புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றபோதும், அந்தச் சிறிய மாநிலத்திலிருந்து அவர் பெற முடிந்த கூடுதல் 12 பேர்தான். டெக்சாஸில் வாக்குச்சாவடித் தேர்தலில் வென்றும், அன்றிரவே நடந்த, கட்சி ஆதரவாளர்கள் நேரில் கூடித் தம் ஆதரவைப் பதிவுசெய்யும் காக்கஸ் கூட்டங்களில் பின்தங்கியதால் மொத்தத்தில் அவர் 94, ஒபாமா 99 என்று முடிந்தது. வெற்றிச் செய்திகளைப் பார்த்து மகிழ்ந்த தொண்டர்களுக்கு இந்த எண்களை யாராவது உடனுக்குடன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கில் சேர்க்கக்கூடாத ஒன்றையும் அதே ஆண்டு காட்டியது. கட்சி விதியை மீறித் தேர்தலை முன்னதாக நடத்தியதற்காக ஃபுளோரிடாவும் மிச்சிகனும் தண்டிக்கப்பட்டிருந்தன. அவற்றின் பிரதிநிதிகளை முழுமையாக ஏற்க வேண்டும் என்று கிளின்டன் தரப்பு கோரியது. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு அவர்களுக்குத் தலா அரை வாக்கு மட்டுமே கொடுத்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இடம்பெறவில்லை என்பதை நினைத்தால், அதைவிட அதிகமாக எதிர்பார்த்திருக்கவும் முடியாது. போட்டியின் நடுவே விதி மாறினால்தான் வெல்ல முடியும் என்ற நிலை வந்துவிட்டால், கணக்கு தோற்றுவிட்டது என்றே கொள்ளுங்கள்.

குடியரசுக் கட்சியில் பல மாநிலங்கள் வென்றவருக்கே எல்லாப் பிரதிநிதிகளையும் கொடுக்கின்றன. அங்கே மீள்வது கோட்பாட்டளவில் எளிது, ஆனால் வீழ்ச்சியும் வேகமாக வரும். 2024-இல் கலிஃபோர்னியாவின் 169 பிரதிநிதிகளும் டிரம்பிடம் போனார்கள். மறுநாள், மார்ச் 6 அன்று, அவருடைய போட்டியாளர் நிக்கி ஹேலி விலகினார்.

எண்களுக்கு அடுத்தபடியாக நாட்காட்டியைப் பாருங்கள். இனி வாக்களிக்கப்போகிறவர்கள் இதுவரை வாக்களித்தவர்களிலிருந்து வேறுபட்டவர்களா? 2020-இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது இடத்தைப் பிடித்தார். அப்போதே பலர் அவருடைய கதை முடிந்தது என்று எழுதினார்கள். ஆனால் அவருடைய பலம் கறுப்பின வாக்காளர்களிடம் இருந்தது. அவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாக்களிக்கும் தென் கரோலினா பிப்ரவரி 29 அன்றுதான் வந்தது. அங்கே பெற்ற பெருவெற்றி மூன்றே நாளில் போட்டியைப் புரட்டிப்போட்டது. போட்டியாளர்களான பீட் பூட்டஜெஜும் ஏமி குளோபுச்சரும், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த மார்ச் 3 வாக்குப்பதிவுக்கு முன்பே விலகி அவரை ஆதரித்ததும் அதற்குத் துணைநின்றது. 1976-இல் ரொனால்ட் ரீகனும் அப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயர், ஃபுளோரிடா, இல்லினாய் என்று வரிசையாகத் தோற்று, கடனில் மூழ்கியிருந்தவர், மார்ச் 23 அன்று வட கரோலினாவில் வென்று மீண்டு வந்தார். கன்சாஸ் சிட்டி மாநாட்டில் அப்போதைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டிடம் 1187-க்கு 1070 என்று மயிரிழையில் தோற்றாலும், நான்கு ஆண்டுகள் கழித்து அவரே அதிபரானார். இந்த இருவரிடமும் காத்திருக்க ஒரு காரணம் இருந்தது, அதற்கு ஒரு மாநிலத்தின் பெயரும் இருந்தது. உங்கள் வேட்பாளரிடமும் அப்படி ஒரு பெயரைக் கேளுங்கள். அந்த மாநிலத்திலும் தோற்றால் அன்றிரவே விலகுவது என்ற உறுதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

சொந்த மாநிலம் தனிச் சோதனை. 2016-இல் ஃபுளோரிடாவில் தோற்ற இரவே மார்க்கோ ரூபியோ விலகினார். ரிக் சாண்டோரம் 2012-இல் பென்சில்வேனியா வாக்களிக்க இரண்டு வாரம் இருக்கும்போதே பிரசாரத்தை நிறுத்திக்கொண்டார். சொந்த மண்ணில் தோற்ற வடு நீண்ட நாள் நிற்கும் என்பதால், இரண்டாவது வழியையே நான் விவேகமானதாகக் கருதுகிறேன்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நான்கு வாரங்களுக்கு ஊழியர்களின் சம்பளம் கையில் இல்லையென்றால் விலகுவதே நேர்மை. சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ், ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, 2019 டிசம்பர் 3 அன்று, பணமில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி விலகினார். அடுத்த ஆகஸ்டில் அவரே துணை அதிபர் வேட்பாளர்.

வெல்ல வழியில்லை என்று கணக்கு சொன்ன பிறகும் நீடிப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. வேட்பாளரின் கொள்கைக்கு வாக்களித்த லட்சக்கணக்கானவர்களின் குரல் கட்சிக்குள் பதிய வேண்டும் என்பதே அது. பெர்னி சாண்டர்ஸ் 2016 ஜூலை 12 வரை கிளின்டனுக்கு ஆதரவு தராமல் காத்திருந்தது பலருக்கு எரிச்சலூட்டியது. ஆனால் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏறியதும், மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் பிரதிநிதிகள் (தேர்தலில் தேர்வாகாமல், கட்சியில் வகிக்கும் பொறுப்பாலோ பதவியாலோ வாக்குரிமை பெறுபவர்கள்) வாக்களிக்கக்கூடாது என்று 2018-இல் விதி மாறியதும் அந்தப் பிடிவாதத்தோடு தொடர்புடையவை. ஆகவே நீடிப்பதென்றால், என்ன கிடைத்தால் விலகுவோம் என்பதை மூன்று நான்கு வரிகளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத முடியாதபோது நீடிப்பது, தொண்டர்களின் உழைப்பை வீணடிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு காலம் நீடிக்கிறார் என்பதைவிட எப்படி நீடிக்கிறார் என்பதற்கு நான் அதிக எடை கொடுப்பேன். 1980-இல் எட்வர்ட் கென்னடி நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களை வென்றும், பிரதிநிதிகள் எண்ணிக்கையில் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டரைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார். இருந்தும், யாருக்காகத் தேர்வானார்களோ அவருக்கே வாக்களிக்கும்படி பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் விதியையே மாநாட்டில் மாற்ற முயன்று தோற்றார். நவம்பரில் கார்ட்டர் வென்றவை ஆறு மாநிலங்களும் தலைநகரமும் மட்டுமே. அதற்கு விலைவாசியும் ஈரான் பணயக்கைதிகள் நெருக்கடியும் பெரும் காரணங்கள் என்றாலும், பிளவுபட்ட கட்சி அவருக்குத் துணையாக இருக்கவில்லை. மாறாக 2008-இன் நீண்ட போட்டி, வழக்கமாக யாரும் எட்டிப் பார்க்காத மாநிலங்களிலும் இரு தரப்புக்கும் அலுவலகங்களையும் தொண்டர் படையையும் உருவாக்கியது. 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி வெல்லாத இந்தியானாவை அந்த நவம்பரில் ஒபாமா வென்றார். ஆகவே கணக்கு பொய்த்த நாளிலிருந்து, எதிரணிக் கட்சி பிரசாரத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எந்தத் தாக்குதலையும் சொந்தக் கட்சிக்காரர்மீது தொடுக்கக்கூடாது. விளம்பரங்களை முதலில் மாற்றுங்கள், பிறகு மேடைப் பேச்சை மாற்றுங்கள்.

விலகும் நாள் வந்தால், 'பிரசாரத்தை நிறுத்திவைக்கிறேன்' என்று அறிவிப்பதே நடைமுறை. நிதி திரட்டிக் கடனை அடைக்கக் குழு தொடர்ந்து இயங்கலாம். கடன் பட்டியலில் அச்சகம், வாடகை நாற்காலி, உணவு என்று கொடுத்து உதவிய சிறு வியாபாரிகளுக்கு முதலில் கொடுங்கள். முன்னிலை வேட்பாளருடன் பேசும்போது, வேலையிழக்கும் கள ஊழியர்களைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இறுதியாகப் பிரதிநிதிகளை என்ன செய்வது என்பதைத் தீர்மானியுங்கள். கட்சி மாநாடு நடந்த டென்வரில் 2008 ஆகஸ்ட் 27 அன்று மாநிலவாரியாக வாக்குகள் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, நியூயார்க் பிரதிநிதிகளின் நடுவிலிருந்து கிளின்டனே எழுந்து, வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கத் தீர்மானம் முன்மொழிந்தார். அதற்குள் பல மாநிலங்களில் அவருடைய பிரதிநிதிகள் அவருக்கே வாக்களித்து, அந்த வாக்குகள் பதிவேட்டில் ஏறியிருந்தன.