மழை நோட்டை ஆய்வுத் தரவாக மாற்றுவது எப்படி?

வால்பாறை எஸ்டேட் ஆபீஸ், பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, பள்ளிக்கூடம் என்று மழைமானி வைத்து அளவெழுதிய இடங்களில் பழைய நோட்டுகள் கிடக்கும். அவற்றைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறையில் கொட்டித் தீர்க்கும்போது காங்கேயம் காய்ந்து கிடக்கும். இப்படி ஊருக்கு ஊர் மழை மாறும் கொங்கு நாட்டில், ஒரு தோட்டத்தின் கணக்குக்கு அடுத்த ஊர்க் கணக்கு ஈடாகாது.

1. முதலில் படம். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, ஓரக்குறிப்புகளோடு ஸ்கேன் செய்யுங்கள். 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) துல்லியம் போதும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

2. உள்ளது உள்ளபடி தட்டச்சு. தேதி, நோட்டில் உள்ள எண், அலகு, மில்லிமீட்டர், குறி, பக்க எண் என்று ஆறு பத்திகள் (காலம்கள்). தேதியை 1998-04-03 என்ற வடிவில் எழுதுங்கள். 3/4/98 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 4 ஆக்கிவிடக்கூடும்; எனவே தேதிப் பத்தியை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். பழைய எஸ்டேட் நோட்டில் அங்குலமும் சென்ட்டும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) இருந்தால், 1 அங்குலம் 25.4 மி.மீ., 1 சென்ட் 0.254 மி.மீ. 85 சென்ட் என்பது 21.6 மி.மீ. மாற்றிய பிறகும் மூல எண்ணை அழிக்கக் கூடாது. முடிவில் எந்த மென்பொருளிலும் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாக, தமிழ் எழுத்து சிதையாத யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள்.

3. வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. அதிகம் கெடுவது இங்கேதான். அளவெடுக்காத நாளில் 0 போட்டால் இல்லாத வறட்சி தரவில் முளைக்கும். அளவில்லை என்பதற்கு அடையாளமாகச் சிலர் போடும் -999 எண்ணைப் போட்டாலும் யாராவது அப்படியே கூட்டிவிடுவார்கள். வெறுமையாக விட்டு, ‘அளவில்லை’ என்று குறியுங்கள். ஞாயிறு விடுமுறை, திங்களன்று 42 மி.மீ. என்றால் 21, 21 என்று பிரிக்காதீர்கள். ஞாயிறு வெற்றிடம், திங்கள் 42, குறி ‘2 நாள் சேர்ந்தது’. அந்தக் குறி இல்லாவிட்டால், கனமழையை ஆராய்பவர் அதை ஒரே நாள் மழையாக எண்ணுவார். 0.1 மி.மீ.க்கும் குறைந்த தூறலுக்கு 0 எழுதி ‘தூறல்’ என்று குறியுங்கள்.

4. எந்த நாள் மழை? இந்திய வானிலைத் துறை காலை 8:30க்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அளந்த தேதியில் எழுதும். சில நோட்டுகளில் முந்தைய நாள் தேதி இருக்கும். பெருமழை பெய்த பத்து நாட்களை எடுத்து, அத்துறையின் புனே அலுவலகம் இலவசமாகத் தரும் 0.25 பாகைக் கட்டத் தரவோடு (நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தரும் தினசரி மழை அளவு; 1901 முதல் உள்ளது) ஒப்பிடுங்கள். அளவைப் பார்க்க வேண்டாம், தேதியை மட்டும் பாருங்கள். தொடர்ந்து ஒரு நாள் தள்ளியிருந்தால் நோட்டு முறையே அப்படி. அளப்பவர் மாறிய ஆண்டில் முறையும் மாறியிருக்கலாம், ஆண்டுவாரியாகச் சோதியுங்கள்.

5. குவளைப் பொருத்தம். மானியில் சேர்ந்த நீரை ஊற்றி மி.மீ. பார்க்கும் அளவுக்குவளை, அந்த மானியின் வாய்க்குப் பொருந்த வேண்டும். ஒரு தேதிக்குப் பிறகு மழை திடீரெனப் பாதியானால் வானத்தைச் சந்தேகிக்கும் முன் மானியின் வாயை அளந்து பாருங்கள். விட்டம் சுமார் 16 செ.மீ. என்றால் 200 சதுர செ.மீ. வாய், 11.3 என்றால் 100. சின்ன வாயில் 10 மி.மீ. மழைக்கு 100 மில்லி சேரும். அதைப் பெரிய வாய்க்கான அளவுக்குவளையில் ஊற்றினால் 5 என்று காட்டும்.

6. விளக்கக் கோப்பு. அட்சம், தீர்க்கம் நான்கு தசம இடம் வரை, கடல்மட்ட உயரம், வாயின் பரப்பு, தரையிலிருந்து வாயின் உயரம், அளக்கும் நேரம், இடம் மாற்றிய தேதி. மரங்களையும் எழுதுங்கள்: மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது இல்லாவிட்டால், தென்னை வளர வளர மானியில் விழும் மழை குறையும்.

7. பகிர்வு. நோட்டுக்கு உரியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறகு செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் படங்கள், தரவு, விளக்கம் மூன்றையும் ஏற்றுங்கள். இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை இடம் உண்டு. சி.சி. பை 4.0 உரிமம் தேர்ந்தெடுத்தால் மூலத்தைச் சொல்லி எவரும் பயன்படுத்தலாம். விளக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதினால்தான் வெளியூர் ஆய்வாளர் தேடும்போது அகப்படும். வெளியிட்டதும், மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண் கிடைக்கும். பிழை தெரிந்தால் திருத்திய கோப்பைப் புதிய பதிப்பாக ஏற்றி, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று விளக்கக் கோப்பில் சேருங்கள்.