சம்பளச் சமரசத்தை நீதிபதி ஏன் திருப்பி அனுப்புகிறார்?

அமெரிக்காவில் ஓவர்டைம் சம்பளத்துக்காக வழக்குத் தொடுத்த தொழிலாளியும் முதலாளியும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டுவிட்டால் விவகாரம் முடிந்தது என்று நினைப்பதே முதல் தவறு. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் தரும் சம்பள உரிமையைத் தொழிலாளி தாமாகவே முன்வந்து விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது என்பதால், பல நீதிமன்றங்கள் உடன்பாட்டைத் தாங்களே படித்துப் பார்த்து, அது நியாயமானது என்று கண்ட பிறகே ஏற்கின்றன.

இந்தக் கண்டிப்பின் காரணத்தை, 1982இல் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த லின்ஸ் ஃபுட் ஸ்டோர்ஸ் வழக்கில் பார்க்கலாம். 10,000 டாலருக்கு மேல் சம்பள நிலுவை இருப்பதாகத் தொழிலாளர் துறை கண்டறிந்த பிறகு, அந்த நிறுவனம் சுமார் 14 ஊழியர்களுக்கு மொத்தமே 1,000 டாலரைப் பங்கிட்டுத் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. துறை அப்படிக் கண்டறிந்த செய்தியே அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. சிலருக்கு ஆங்கிலம் பேசவும் வராது. நீதிமன்றம் அந்த உடன்பாடுகளை ஏற்க மறுத்தது.

நடைமுறையில் அதிகம் காணப்படும் தவறு, கணக்கைக் காட்டாமல் முடிவுத் தொகையை மட்டும், உடன்பாட்டை ஏற்கக் கோரி நீதிமன்றத்தில் தரும் மனுவில் எழுதுவது. மணிக்கு 16 டாலர் சம்பளம் வாங்கும் ஒருவர் வாரம் 50 மணி நேரம் உழைத்தார், 40 மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கும் அதே 16 டாலரே பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு தர வேண்டிய அந்தப் 10 மணிக்கு, மணிக்கு 8 டாலர் வீதம் வாரம் 80 டாலர் பாக்கி. 100 வாரத்துக்கு 8,000. சட்டப்படி அதே அளவு இழப்பீட்டையும் சேர்த்தால் 16,000. இவருக்கு 6,000 டாலர் தருவதாகச் சமரசம் வந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு வழக்கறிஞருக்குப் போனால், கையில் நிற்பது 4,000. இது அநியாயம் என்று உடனே சொல்லிவிட முடியாது. உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், ஓவர்டைம் பெறத் தகுதியுள்ள பணியா என்பவற்றில் மெய்யான சர்ச்சை இருந்தால், தோற்கும் அபாயத்தைக் கருதிக் குறைவான தொகைக்கு இறங்குவது விவேகமே. ஆனால் அந்தச் சர்ச்சை என்ன, 16,000 எப்படி 6,000 ஆயிற்று என்பதை எழுதாத மனுவை நீதிபதி எதை வைத்து எடைபோடுவார்?

தொகை சரியாக இருந்தும் வாசகத்தில் சறுக்குவோர் உண்டு. சம்பள வழக்கை முடிக்கும் தாளில், அறிந்தும் அறியாததுமான எல்லா உரிமைக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன் என்று எழுதி வாங்குவதும், உடன்பாட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவதும் 2015இல் சீக்ஸ் வழக்கில் இரண்டாவது வட்டார நீதிமன்றம் சுட்டிக்காட்டிய குறைகளில் அடங்கும். ரகசிய நிபந்தனையை முதலாளிகள் வழக்கமான சம்பிரதாயமாகக் கருதுகிறார்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் தம் உரிமை தெரிய வேண்டும் என்ற சட்டத்தின் நோக்கத்துக்கு அது நேர் எதிரானது.

வழக்கறிஞர் கட்டணத்தைத் தொழிலாளியின் தொகையோடு ஒரே மூச்சில் பேசி முடிப்பதும் சந்தேகத்தைக் கிளப்பும். தொழிலாளிக்கான தொகை முடிவான பிறகே கட்டணம் தனியாகப் பேசப்பட்டது என்பதை, வழக்கறிஞர் உழைத்த மணிக்கணக்கோடு காட்ட முடிந்தால் நீதிபதியின் கேள்விகள் வெகுவாகக் குறையும்.